வேலைக்கு நடுவே ஒரு டிராகுலா: ப்ராம் ஸ்டோக்கரின் கதை



டிராகுலா என்ற பெயரைக் கேள்விப்படாதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. கறுப்பு அங்கி, நீண்ட கோரைப்பல், கழுத்தில் ஒரு கடி... ஹாஸ்டலில் லைட்டை அணைத்துவிட்டு ரூம்மேட்டைப் பயமுறுத்தியவர்கள் எத்தனை பேரோ! ஆனால் அந்தக் கதையை எழுதியவர் யார் என்று கேட்டால் பாதிப் பேர் விழிப்போம். அவர் முழுநேர எழுத்தாளர் இல்லை. நம்மை மாதிரி வேலைக்குப் போய், ராத்திரி களைத்து வீடு திரும்பிய ஆசாமிதான். அவரைப் பற்றி நாலு வார்த்தை சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

படுக்கையில் கேட்ட கதைகள்

ப்ராம் ஸ்டோக்கர் 1847 நவம்பர் 8-ஆம் தேதி, அயர்லாந்தில் டப்ளினை ஒட்டிய க்ளான்டார்ஃபில் பிறந்தார். உருளைக்கிழங்குப் பயிர் அழுகி, பஞ்சம் அந்த நாட்டையே வாட்டிய நேரம் அது. அப்பா அரசாங்க குமாஸ்தா. ஏழு பிள்ளைகளில் இவர் மூன்றாவது. ஏழு வயது வரை உடம்பு சரியில்லாமல் பெரும்பாலும் படுக்கையிலேயே கிடந்தார்.

அம்மா சார்லட் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்லுவார். எல்லாம் கற்பனைக் கதை என்று நினைக்க வேண்டாம். 1832-இல் அந்த அம்மாளின் ஊரான ஸ்லைகோவில் காலரா புகுந்து ஊரையே சூறையாடியது. செத்துவிட்டார் என்று நினைத்து ஒருவருக்குச் சவப்பெட்டி கொண்டு வந்தார்களாம். ஆள் நல்ல உயரம், பெட்டியில் அடங்கவில்லை. காலை உடைத்து உள்ளே வைக்கலாம் என்று ஓங்கி ஒரு அடி போட்டதும், பிணம் எழுந்து உட்கார்ந்துவிட்டது! பிற்பாடு ஸ்டோக்கர் கேட்டுக்கொண்டபடி அம்மா இதையெல்லாம் எழுதியே கொடுத்தார். சாவுக்கும் உயிருக்கும் நடுவில் கிடக்கும் உடம்பு என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதல்லவா?

கல்லூரியும் குமாஸ்தா வேலையும்

படுத்தே கிடந்த பையன் டப்ளின் டிரினிட்டி கல்லூரிக்குப் போனபோது ஆறடி உயர விளையாட்டு வீரனாகியிருந்தான். கல்லூரியின் இரண்டு பெரிய பேச்சு மன்றங்களிலும் தலைமைப் பொறுப்பு வகித்து, 1870-இல் பட்டம் வாங்கினார். படிக்கும்போதே அப்பா வழியில் டப்ளின் கோட்டையில் அரசு உத்தியோகம். அவருடைய முதல் பெரிய புத்தகம் எது தெரியுமா? கீழ்க்கோர்ட்டு குமாஸ்தாக்கள் செய்ய வேண்டிய வேலைகள் பற்றிய கையேடு! 1879-இல் வெளியானது. பேய்க்கதை எழுத இதைவிட விசித்திரமான பயிற்சி இருக்க முடியாது.

ஆபீஸ் முடிந்ததும் ஒரு பத்திரிகைக்கு நாடக விமர்சனம் எழுதுவார். சம்பளம் கிடையாது, ஆசைக்காகத்தான். 1876-இல் பெரிய நடிகரான ஹென்றி இர்விங்கின் ஹாம்லெட் நாடகத்தைப் பாராட்டி எழுதினார். அதைப் படித்த இர்விங் இவரை விருந்துக்கு அழைத்தார். 1878-இல் லண்டன் லைசியம் தியேட்டரைத் தன் பொறுப்பில் எடுத்தபோது, மேனேஜராக வரச் சொன்னார். அரசு உத்தியோகத்தை விட்டார், புது மனைவி ஃப்ளாரன்ஸுடன் லண்டன் வந்து சேர்ந்தார்.

அதன்பின் 27 வருஷம் கணக்கு வழக்கு, டிக்கெட், கடிதப் போக்குவரத்து, அமெரிக்கச் சுற்றுப்பயணம் என்று ஓயாத ஓட்டம். 1885-இல் அரங்கேறிய ஃபாஸ்ட் நாடகத்தில் ஒரு கத்திச் சண்டை. மேடையில் இரும்புத் தகடு பதித்து, நடிகர்களின் பூட்ஸ் வழியாகக் கத்திக்கு மின்சாரம் கொடுத்து, வாளோடு வாள் உரசும்போது நிஜமாகவே பொறி பறக்க வைத்தார்கள். எலக்ட்ரிகல் நண்பர்கள் கவனிக்கவும்!

ஏழு வருஷ உழைப்பு

டிராகுலாவுக்கான முதல் குறிப்பு 1890 மார்ச் மாதத் தேதியிட்டது. புத்தகம் வந்தது 1897 மே மாதம். நடுவில் ஏழு வருஷம், லீவிலும் ஓய்வு நேரத்திலும் எழுதியது.

1890 கோடையில் விட்பி என்ற கடற்கரை ஊருக்கு லீவில் போனார். அங்கே நூலகத்தில் வில்கின்சன் என்பவரின் பழைய புத்தகம் ஒன்று கிடைத்தது. வல்லாக்கிய மொழியில் டிராகுலா என்றால் பிசாசு என்று ஓர் அடிக்குறிப்பு! அதுவரை கதாநாயகனுக்கு அவர் வைத்திருந்த பெயர் வேம்பயர் பிரபு. அதை அடித்துவிட்டு டிராகுலா என்று மாற்றினார். டிராகுலா என்ற பெயரில் 15-ஆம் நூற்றாண்டில் ஒரு கொடுங்கோல் அரசன் உண்மையிலேயே வாழ்ந்தான். ஆனால் அவன் செய்த கொடுமைகள் பற்றி ஸ்டோக்கரின் குறிப்புகளில் ஒரு வரிகூட இல்லை. அவர் எடுத்துக்கொண்டது பெயரைத்தான்.

1885-இல் விட்பியில் ஒரு ரஷ்யக் கப்பல் தரைதட்டியது. கப்பல் பெயர் டிமிட்ரி, புறப்பட்ட துறைமுகம் நார்வா. நாவலில் அது டெமிட்டர் ஆனது. நார்வாவின் எழுத்துகளை மாற்றிப் போட்டால் வர்னா. கதையில் கப்பல் கிளம்புவது அங்கிருந்துதான்!

டிரான்சில்வேனியாவுக்கு அவர் போனதே இல்லை. எமிலி ஜெரார்ட் என்ற பெண்மணி அங்குள்ள நம்பிக்கைகளைப் பற்றி எழுதியதைப் படித்தார், பயண நூல்களைப் புரட்டினார். கதையில் ஒருவருக்குத் தலையில் அடிபட்டால் என்ன ஆகும் என்று சர்ஜனான அண்ணன் தார்ன்லியிடம் எழுதி வாங்கினார். விக்கிரமாதித்தன் வேதாளம் கதையை 1870-இல் ஆங்கிலத்தில் தந்த ரிச்சர்ட் பர்ட்டனையும் நேரில் சந்தித்திருக்கிறார். பேசும்போது பர்ட்டனின் மேலுதடு உயர்ந்து கோரைப்பல் பளிச்சிட்டதை மறக்காமல் எழுதியும் வைத்தார்!

என்னைப் போன்ற இன்ஜினியர்களுக்கு இந்த நாவலில் பிடித்தது இன்னொன்று. பேயை விரட்ட சிலுவையும் பூண்டும் மட்டும் போதவில்லை. டைப்ரைட்டர், சுருக்கெழுத்து, ஃபோனோகிராஃப், கோடாக் கேமரா, தந்தி, ரயில் அட்டவணை என அன்றைய நவீன சாதனங்கள் எல்லாம் களத்தில் இறங்குகின்றன. நான்கு பேரின் ரத்தத்தை ஒரே பெண்ணுக்கு ஏற்றுகிறார்கள். ரத்த வகைகள் பற்றி லாண்ட்ஸ்டெய்னர் வெளியிட்டது 1901-இல்தான் என்பதால் அதை மன்னித்துவிடலாம். மீனா எல்லாவற்றையும் டைப் செய்து பிரதி எடுத்து வைக்கிறாள். டிராகுலா வந்து காகிதங்களையும் ஒலி உருளைகளையும் நெருப்பில் போட்டுவிடுகிறான். நல்லவேளை, ஒரு பிரதி பெட்டகத்தில் இருக்கிறது. இன்று நாம் பேக்கப் என்கிறோமே, அதேதான். அந்தக் குமாஸ்தா கையேடு வீண்போகவில்லை!

கடைசி நாட்கள்

புத்தகத்தைப் படித்த அம்மா, பேரும் பணமும் குவியும் என்று மகனுக்கு எழுதினார். விமர்சனங்கள் நன்றாகத்தான் இருந்தன. பணம் மட்டும் வரவில்லை. 1898-இல் தியேட்டரின் சீன் கிடங்கு தீப்பிடித்தது. 1905-இல் இர்விங் இறந்தார், வேலையும் போனது. அடுத்த வருஷம் பக்கவாதம். 1911-இல் எழுத்தாளர் உதவி நிதிக்கு விண்ணப்பித்து 100 பவுன் பெற வேண்டிய நிலை. 1912 ஏப்ரல் 20-ஆம் தேதி, 64-ஆவது வயதில் காலமானார். இர்விங்கின் மேனேஜர், அவரைப் பற்றி நினைவு நூல் எழுதியவர் என்றுதான் அன்றைய பத்திரிகைகள் முக்கியமாகக் குறிப்பிட்டன.

1922-இல் ஜெர்மனியில் அனுமதி வாங்காமல் நாஸ்ஃபெராட்டு என்ற படமாக இந்தக் கதையை எடுத்தார்கள். ஃப்ளாரன்ஸ் அம்மாள் விடவில்லை, வழக்குப் போட்டார். பிரதிகளை அழிக்கச் சொல்லி 1925-இல் தீர்ப்பு. ஆனாலும் சில பிரதிகள் தப்பின. 1931-இல் ஹாலிவுட் படம் வந்தது. அதற்குப் பிறகு டிராகுலாவுக்குச் சாவே இல்லை!

யோசித்துப் பாருங்கள். அம்மா சொன்ன கதை, அண்ணன் தந்த குறிப்பு, ஆபீஸ் ஒழுங்கு, லீவில் பார்த்த ஊர், தியேட்டர் வெளிச்சம். அந்த மனிதர் எதையும் வீணாக்கவில்லை. வேலை இருக்கிறது, நேரம் இல்லை என்று நாம் மூட்டை கட்டிப் பரணில் போட்டது என்னென்ன? ஒருவர் நன்றாகப் பாடினார், ஒருவர் கவிதை எழுதினார், ஒருவர் ரேடியோ செய்தார். பலன் நம் காலத்தில் வருமா என்பது நம் கையில் இல்லை, ஸ்டோக்கருக்கும் வரவில்லை. ஆனால் ராத்திரி ஒரு மணி நேரம் நம் கையில்தான் இருக்கிறது. அடுத்த சங்கமத்துக்குள் பரணில் கிடப்பதை யாராவது இறக்கினால், இந்தக் கட்டுரை எழுதியதற்குப் பலன் கிடைத்துவிடும்.