கட்டைவிரல் கீழே மடங்குகிறதா, மேலே எழுகிறதா? நரம்புப் பரிசோதனையை மாற்றிய பாபின்ஸ்கியின் கதை

கை, கால் பலவீனம் என்று நரம்பியல் மருத்துவரிடம் போனால், ஒரு கட்டத்தில் சாக்ஸைக் கழற்றச் சொல்வார். சாவி முனையாலோ, ரப்பர் சுத்தியலின் கைப்பிடி நுனியாலோ உள்ளங்காலில் மெதுவாக ஒரு கோடு இழுப்பார். நமக்குக் கூச்சமாக இருக்கும். சில நொடிகளில் முடிந்துவிடும்.

அந்தச் சில நொடிகளில் அவர் பார்ப்பது ஒன்றைத்தான். கால் கட்டைவிரல் கீழே மடங்குகிறதா, மேலே எழுகிறதா?

மேலே எழுந்தால் அதற்குப் பெயர் பாபின்ஸ்கி அறிகுறி. சிடி, எம்ஆர்ஐ எல்லாம் வந்த பிறகும், ஏறக்குறைய 130 ஆண்டுகளாக உலகம் முழுக்க மருத்துவ மாணவர்கள் இதைக் கற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள். யார் இந்த பாபின்ஸ்கி? ஒரு விரலின் அசைவு ஏன் இவ்வளவு முக்கியமானது?

ஓவியத்தில் நிற்கும் இளம் மருத்துவர்

ஜோசப் பாபின்ஸ்கி 1857 நவம்பர் 17ஆம் தேதி பாரிஸில் பிறந்தார். பெற்றோர் போலந்துக்காரர்கள். தாய்நாட்டின் அரசியல் நெருக்கடியிலிருந்து தப்பி பிரான்ஸில் குடியேறியவர்கள். ஜோசப் மருத்துவம் படித்து, 1885இல் பாரிஸின் சால்பெட்ரியர் மருத்துவமனையில் ஜான்-மார்ட்டின் ஷார்கோவின் உதவியாளராகச் சேர்ந்தார்.

அன்றைய நரம்பியலில் ஷார்கோதான் பெரிய பெயர். ஆயிரக்கணக்கான பெண்கள் தங்கியிருந்த அந்த மருத்துவமனையில், கை கால் முடங்கியவர்கள், வலிப்பு வருபவர்கள், பேச்சு நின்றுபோனவர்கள் என எல்லா வகை நோயாளிகளும் இருந்தார்கள். அவர்களில் பலருக்கு ஹிஸ்டீரியா என்று பெயர் வைத்தார்கள். ஷார்கோ அவர்களை ஹிப்னாடிசத்துக்கு உட்படுத்தி, அரங்கம் நிறைந்த பார்வையாளர்களுக்கு முன்னால் பாடம் நடத்துவார்.

1887இல் ஆந்த்ரே புரூயே வரைந்த புகழ்பெற்ற ஓவியத்தில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். மயங்கிச் சாயும் பிளாஞ்ச் விட்மன் என்ற பெண்ணைப் பின்னாலிருந்து தாங்கிப் பிடித்திருப்பவர் பாபின்ஸ்கிதான்.

அந்த வயதில் அவரும் குருவின் வழியிலேயே போனார். ஹிஸ்டீரியா அறிகுறிகளைக் காந்தத்தின் உதவியால் ஒரு நோயாளியிடமிருந்து இன்னொருவருக்கு மாற்ற முடியும் என்று 1886இல் ஆய்வுக் கட்டுரையே எழுதினார். இன்று அதை யாரும் ஏற்பதில்லை. பின்னாளில் அவரும் அந்த நம்பிக்கைகளிலிருந்து விலகினார்.

ஒரு தேர்வு மூடிய கதவு

1892இல் பேராசிரியர் பதவிக்கு வழிவிடும் தேர்வை பாபின்ஸ்கி எழுதினார். தேர்வுக் குழுவின் தலைவர் ஷார்ல் பூஷார். ஒரு காலத்தில் ஷார்கோவின் மாணவராக இருந்து, பிறகு போட்டியாளராக மாறியவர். பாபின்ஸ்கி தேர்ச்சி பெறவில்லை. அடுத்த ஆண்டே ஷார்கோவும் இறந்துவிட்டார். அதன்பின் பாபின்ஸ்கி கடைசிவரை பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆகவே இல்லை.

ஆனால் 1895இல் பக்கத்திலேயே இருந்த பித்தியே மருத்துவமனையில் ஒரு பிரிவின் தலைவரானார். 1922 வரை அங்கேயே இருந்தார். மேடையும் அரங்கமும் கிடையாது, வார்டும் கட்டில்களும்தான். அவருடைய பெரிய வேலைகள் பெரும்பாலும் அங்கே நடந்தவைதான்.

அவருக்கு முன்னால் இருந்த கேள்வி மிகவும் நடைமுறையானது. இரண்டு பேர் வருகிறார்கள். இருவருக்கும் ஒரு கால் அசையவில்லை. ஒருவருக்கு மூளையில் ரத்தக்கசிவு. இன்னொருவருக்கு மூளையிலும் தண்டுவடத்திலும் எந்தச் சேதமும் இல்லை. எப்படிப் பிரித்தறிவது? எக்ஸ்-ரே 1895 கடைசியில்தான் கண்டுபிடிக்கப்பட்டது, அதிலும் எலும்புதான் தெரியும். நோயாளி இறந்த பிறகு மூளையை அறுத்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும் என்ற நிலை. அதுவரை நோயாளி சொல்வதை நம்புவதும் நம்பாததும் மருத்துவரின் கையில் இருந்தது.

28 வரிகள்

1896 பிப்ரவரி 22ஆம் தேதி பாரிஸ் உயிரியல் சங்கக் கூட்டத்தில் பாபின்ஸ்கி ஒரு குறிப்பை வாசித்தார். அச்சில் அது வெறும் 28 வரிகள். விஷயம் இதுதான்: ஒரு பக்கம் முடங்கிய நோயாளியின் நல்ல காலில் உள்ளங்காலைத் தூண்டினால் விரல்கள் கீழே மடங்குகின்றன. முடங்கிய காலில் அவை மேல்நோக்கி எழுகின்றன.

1898இல் கட்டைவிரலின் அசைவை விரிவாக விளக்கினார். மற்ற விரல்கள் விசிறி போல் விரிவதை 1903இல் சேர்த்தார்.

இந்த அசைவை முதலில் பார்த்தவர் அவர் இல்லை. ஜெர்மன் மருத்துவர் எர்ன்ஸ்ட் ரேமாக் 1893இலேயே இதைக் குறிப்பிட்டிருந்தார். ஆனால், இது நரம்பு மண்டலச் சேதத்தின் அடையாளம், ஹிஸ்டீரியாவில் இது வருவதில்லை என்று பொருத்திக் காட்டியவர் பாபின்ஸ்கி. முடங்கியதுபோல் யாராலும் படுத்திருக்க முடியும். இந்த அசைவை அதே மாதிரி வரவழைப்பது மிகவும் கடினம்.

எப்படிச் செய்கிறார்கள்? ஏன் இப்படி நடக்கிறது?

நோயாளி மல்லாந்து படுத்து, காலைத் தளர்வாக வைத்திருக்க வேண்டும். மழுங்கிய முனையால் குதிகாலின் வெளி ஓரத்தில் தொடங்கி, சுண்டுவிரல் பக்கமாக மேலே வந்து, விரல்களின் அடிப்பகுதியை ஒட்டிக் கட்டைவிரல் பக்கமாக வளைத்துக் கோடு இழுப்பார்கள். காயம் ஏற்படும் அளவுக்கு அழுத்தக் கூடாது. மருத்துவர் கவனிப்பது கட்டைவிரலின் முதல் அசைவை. கூச்சத்தில் நோயாளி காலையே இழுத்துக்கொண்டால் மறுபடியும் செய்து பார்க்க வேண்டும்.

மூளையின் மேற்பரப்பிலிருந்து தண்டுவடம் வழியாக ஒரு நரம்புப் பாதை இறங்குகிறது. நாம் நினைத்தபடி கை, கால்களை அசைக்க உதவும் பாதை இது. உள்ளங்காலைத் தொட்டதும் கட்டைவிரல் மேலே எழும் பழைய அனிச்சைச் செயலை அடக்கி வைத்திருப்பதும் இதுதான். பக்கவாதம், கட்டி, விபத்துக் காயம் என எதனாலாவது இந்தப் பாதை பாதிக்கப்பட்டால் அந்தக் கட்டுப்பாடு போய்விடுகிறது. விரல் எழுகிறது.

கைக்குழந்தைகளுக்கு விரல் மேலே எழுவது இயல்பு. அவர்களுக்கு இந்தப் பாதை இன்னும் முழுதாக வளரவில்லை. பொதுவாக ஒன்று முதல் இரண்டு வயதுக்குள் இது மாறிவிடும். ஆகவே உங்கள் வீட்டுக் கைக்குழந்தையின் விரல் எழுந்தால் பயப்பட வேண்டியதில்லை.

விரலோடு நிற்கவில்லை

உயரமான, அதிகம் பேசாத மனிதர் என்றே பாபின்ஸ்கியுடன் பணியாற்றியவர்கள் அவரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். நோயாளியின் கதையைக் கேட்பதைவிட அவரது தசை, தோல், அனிச்சைச் செயல்களை மணிக்கணக்கில் சோதிப்பதில்தான் அவருக்கு நம்பிக்கை.

உள்ளங்கையை முன்னும் பின்னுமாக வேகமாகத் திருப்பச் சொல்லி மருத்துவர்கள் பார்ப்பார்கள் இல்லையா? சிறுமூளை பாதிக்கப்பட்டால் அது தடுமாறும் என்று 1902இல் விளக்கியவரும் இவர்தான். உடலின் இடது பக்கம் முழுதாக முடங்கியும், தனக்கு ஒன்றுமில்லை என்று உண்மையாகவே நம்பும் நோயாளிகளைப் பற்றி 1914இல் எழுதினார்.

தொடு உணர்வு எந்த மட்டத்தில் நிற்கிறது, எந்த அனிச்சைச் செயல் மறைகிறது என்று கட்டிலருகில் சோதித்தே தண்டுவடத்தை அழுத்தும் கட்டி எங்கே இருக்கிறது என்று அவரால் சொல்ல முடிந்தது. அப்படி இடம் குறித்த ஒரு கட்டியை அறுவை சிகிச்சை நிபுணர் அகற்ற, நோயாளி குணமடைந்தது பற்றிய அறிக்கை 1912இல் வெளியானது.

போர்க்களத்தில் மாறிய கேள்வி

இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. சேதம் இல்லாத முடக்கங்கள் தூண்டுதலால் உருவாகின்றன, மனதை மாற்றி வற்புறுத்தினால் மறைந்துவிடும் என்பது பாபின்ஸ்கியின் கொள்கை. 1901இல் அதற்குத் தனிப் பெயரும் வைத்தார்.

முதல் உலகப் போர் வந்தது. காயமே தெரியாமல் கூனிக் குறுகியும் நடுங்கியும் முடங்கியும் ஏராளமான வீரர்கள் மருத்துவமனைக்கு வந்தார்கள். பாபின்ஸ்கியின் மாணவர் க்ளோவிஸ் வான்சான், தூர் நகரில் இவர்களுக்கு வலுவான மின்சாரம் பாய்ச்சி நிமிர வைக்கும் சிகிச்சையை நடத்தினார். 1916இல் பத்திஸ்த் தெஷாம் என்ற வீரர் அதை மறுத்து, மருத்துவரையே அடித்துவிட்டார். ராணுவ நீதிமன்றம் விசாரித்தது. நிறுத்திவைக்கப்பட்ட 6 மாத தண்டனையோடு அவர் வெளியே வந்தார். வேண்டாம் என்று சொல்ல நோயாளிக்கு உரிமை உண்டா என்ற கேள்வி பிரான்ஸ் முழுக்கப் பேசப்பட்டது.

விரல் எழுந்தால் நரம்புப் பாதையில் கோளாறு இருக்கலாம் என்று அர்த்தம். எழவில்லை என்றால்? நோயாளி பொய் சொல்கிறார் என்று அர்த்தம் இல்லை. பக்கவாதம் வந்த எல்லோருக்கும் இந்த அறிகுறி தெரிவதும் இல்லை. ஹிஸ்டீரியாவையும் வேண்டுமென்றே நடிப்பதையும் பிரித்தறிவது கடினம் என்று பாபின்ஸ்கியே ஏற்றிருந்தார். ஆனால் போர் நேரத்துச் சிகிச்சை அறைகளில் அந்த எச்சரிக்கை நிற்கவில்லை.

இன்று மருத்துவர்கள் இதைச் செயல்சார்ந்த நரம்பியல் கோளாறு என்கிறார்கள். இது நடிப்பு அல்ல, சிகிச்சை தேவைப்படும் உண்மையான பாதிப்பு என்பதே இப்போதைய பார்வை.

சமையல்கார அண்ணனும் கடைசி நாட்களும்

பாபின்ஸ்கி திருமணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் ஹென்றியுடன் ஒரே வீட்டில் வாழ்ந்தார். ஹென்றி சுரங்கப் பொறியாளர். ஆனால் பிரான்ஸ் அவரை அறிந்தது அலி-பாப் என்ற புனைபெயரில். 1907இல் அவர் வெளியிட்ட சமையல் புத்தகம் மிகவும் பிரபலம்.

1931இல் அண்ணன் இறந்தார். பார்க்கின்சன் நோயால் அவதிப்பட்டுவந்த தம்பி 1932 அக்டோபர் 29ஆம் தேதி காலமானார்.

இந்தியாவில் ஸ்கேன் வசதி எல்லா ஊரிலும் ஒரே மாதிரி இல்லை. விபத்தில் அடிபட்டவரையோ கால் மரத்துப்போனவரையோ முதலில் பார்க்கும் மருத்துவருக்கு, இவரை உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பலாமா என்று முடிவெடுக்க ஒரு சாவியும் சில நொடிகளும் உதவும். ஸ்கேன் இருக்கும் இடத்திலும், எந்த இடத்தை ஸ்கேன் எடுப்பது என்று முடிவெடுக்க மற்ற பரிசோதனைகளோடு சேர்ந்து இதுவும் உதவும்.

ஒரு விஷயம் மட்டும்: இதை வீட்டில் செய்து பார்த்து நீங்களே முடிவுக்கு வராதீர்கள். முகம் கோணுவது, ஒரு கை தளர்வது, பேச்சு குழறுவது திடீரென வந்தால் விரலைச் சோதித்துக்கொண்டிருக்க நேரமில்லை. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.