ஜோசையா மார்ஷல் ஹீத்

ஜோசையா மார்ஷல் ஹீத் (இறப்பு: 1851) கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மாகாண அலுவலராக இருந்து, பின்னர் இரும்புத் தொழிலில் ஈடுபட்ட ஆங்கிலேயர் ஆவார். எஃகு உருக்குதலில் மாங்கனீசைப் பயன்படுத்தியமைக்காக அறியப்படுகிறார்.

கொல்லர்களிடம் கற்றது

சேலம் பகுதியில் பணியாற்றியபோது இவர் உள்ளூர் உலைகளைக் கூர்ந்து கவனித்தார். அண்டையிலுள்ள திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலும் அந்நூற்றாண்டில் இத்தொழில் நடைபெற்றது. தேனிரும்புத் துண்டுகளுடன் ஆவாரங்குச்சிகளை மூசையில் இட்டு, எருக்கிலையால் மூடி, களிமண்ணால் அடைத்து, ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் துருத்தி ஊதுவர். இவ்வாறு கிடைத்த எஃகை ஐரோப்பியர் 'ஊட்ஸ்' என்றனர். இலண்டன் கத்தி வினைஞர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் முன்னரே இதனை விரும்பிப் பயன்படுத்தியிருந்தார். இம்முறையை விளக்கும் ஹீத்தின் கட்டுரை அரச ஆசியக் கழக இதழில் வெளிவந்தது. சேலத்துக் கொல்லர்களே இவருடைய ஆசான்கள் எனலாம்.

1830இல் பரங்கிப்பேட்டையில் இவர் தொடங்கிய இரும்பாலை இலாபம் தரவில்லை.

செஃபீல்டும் வழக்கும்

இங்கிலாந்து திரும்பிய ஹீத், 1839இல் மாங்கனீசு கார்பைடு சேர்க்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இதனால் மலிவான இரும்பிலிருந்தும் நல்ல எஃகு கிடைத்தது. அவ்வெஃகு தேனிரும்புடன் எளிதில் பற்றவும் செய்தது. மேசைக்கத்தியின் அலகை இரும்புக் காம்புடன் இணைக்க வேண்டிய செஃபீல்டு கத்தித் தொழிலுக்கு இது பெரும் பேறாயிற்று.

ஆனால் மாங்கனீசு ஆக்சைடையும் கரிப்பொருளையும் நேரடியாக மூசையில் இட்டாலே போதும் என்பது தெரிந்ததும், இவருடைய முகவராக இருந்த அன்வின் உரிமைத்தொகை செலுத்தாமல் தொழில் நடத்தினார். வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. ஹீத் வறுமையில் இறந்தார். 1855இல் பிரபுக்கள் அவையின் இறுதித் தீர்ப்பும் அவர் தரப்புக்கு எதிராகவே அமைந்தது.