ஆடியைத் தானே தேய்த்தெடுத்த வானியலாளர்: வில்லியம் ஹேர்ஷல்

1781ஆம் ஆண்டு மார்ச் மாதம் 13ஆம் திகதி இரவு, இங்கிலாந்தின் பாத் நகரில் ஒரு வீட்டின் பின்புறத் தோட்டத்தில் நின்று இசை ஆசிரியர் ஒருவர் வானத்தை நோக்கிக் கொண்டிருந்தார். இடப இராசியும் மிதுன இராசியும் சந்திக்கும் பகுதியில் சற்றுப் பருமனான ஓர் ஒளிப்புள்ளி அவரது கண்ணிற் பட்டது. முதலில் 227 மடங்கு உருப்பெருக்கத்தில் பார்த்தார். பின்னர் 460, 932 என வில்லைகளை மாற்றிப் பார்த்தார். உண்மையான விண்மீன் எத்தனை மடங்கு பெருக்கினாலும் புள்ளியாகவே இருக்கும். இதுவோ உருப்பெருக்கம் கூடக் கூடத் தானும் பெருத்தது. நான்கு நாட்களின் பின்னர் அதே இடத்தைத் தேடியபோது அது நகர்ந்திருந்தது.

வால்வெள்ளி ஒன்றைக் கண்டதாகவே அவர் எண்ணினார். அவ்வாறே இலண்டன் றோயல் சொசைட்டிக்கு அறிவித்தார். ஆனால் ஐரோப்பாவின் கணிதர்கள் அதன் பாதையைக் கணித்தபோது அது வால்வெள்ளிகளுக்குரிய நீண்ட பாதையன்று, ஏறத்தாழ வட்டமான பாதை எனத் தெரியவந்தது. சூரியனிலிருந்து சனி இருக்கும் தூரத்தைப் போல் இரு மடங்கு தூரத்தில் அது இயங்கியது. பாபிலோனியர் காலம் தொட்டு நமது பஞ்சாங்கக் கணிதர்களும் அரபு வானியலாளர்களும் சனியையே கோள்களின் எல்லையாகக் கொண்டிருந்தனர். அந்த எல்லை ஒரே இரவில் இரட்டிப்பாகியது. யுரேனஸ் என இன்று நாம் அழைக்கும் அக்கோளைக் கண்டவர்தான் வில்லியம் ஹேர்ஷல். அப்போது அவருக்கு வயது 42.

யுரேனசை முதன்முதலிற் கண்ணாற் கண்டவர் ஹேர்ஷல் அல்லர் என்பது பலர் அறியாத செய்தி. இங்கிலாந்தின் அரச வானியலாளரான பிளாம்ஸ்ரீட் 1690ஆம் ஆண்டிலேயே அதைப் பதிவு செய்து, இடப இராசியின் விண்மீன்களுள் ஒன்றாக இலக்கமுமிட்டிருந்தார். பிரான்சின் லெமோனியே பல தடவை அதைக் கண்டும் விண்மீனென்றே கடந்து சென்றார். அவர்கள் கவனக் குறைவானவர்களல்லர். அவர்களது கருவிகளில் அது புள்ளியாகத் தெரிந்தது. பாத் நகரத்து இசை ஆசிரியரின் கருவியில் வட்டமாகத் தெரிந்தது. அந்தக் கருவியை அவர் எங்கும் வாங்கவில்லை, தானே செய்திருந்தார். ஹேர்ஷலின் வாழ்க்கையை விளங்கிக்கொள்ள இந்த ஒரு விடயத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

ஹேர்ஷல் 1738ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் திகதி ஜேர்மனியின் ஹனோவர் நகரிற் பிறந்தவர். தந்தை ஐசாக், இராணுவ வாத்தியக் குழுவில் ஓபோ எனும் குழற்கருவி வாசித்தவர். மகனும் இளமையிலேயே அதே குழுவிற் சேர்ந்தார. ஏழாண்டுப் போரில் ஹனோவர் படைகள் 1757இல் ஹாஸ்ரன்பெக் களத்திற் தோல்வியுற்ற பின்னர், தந்தையின் விருப்பத்துடன் இங்கிலாந்துக்குச் சென்றார். அவர் இராணுவத்திலிருந்து தப்பியோடியவரென்றும், பிற்காலத்தில் மூன்றாம் ஜோர்ஜ் மன்னர் மன்னிப்புப் பத்திரத்தை அவர் கையிற் கொடுத்தாரென்றும் ஒரு கதை உண்டு. சுவையான கதைதான். ஆனால் 1762லேயே அவருக்கு முறையான விடுவிப்புக் கிடைத்துவிட்டது.

இங்கிலாந்தில் அவர் பட்ட பாடு சிறிதன்று. இசைக் குறிப்புகளைப் பிரதி செய்து கொடுத்தார்; வட பகுதி நகரங்களில் வாத்தியக் குழுக்களைப் பயிற்றினார்; சிம்பொனிகளை இயற்றினார். 1766இல் பாத் நகரின் தேவாலயமொன்றில் ஓர்கன் வாசிப்பவராக நியமனம் பெற்ற பின்னரே வாழ்வு நிலைபெற்றது. இசையின் கோட்பாட்டைக் கற்பதற்காக ரொபேட் ஸ்மித் என்பவரின் நூலை வாசித்தார். அதே ஆசிரியர் ஒளியியல் பற்றியும் நூலெழுதியிருந்தமையால் அதையும் தேடி வாசித்தார். இசையிலிருந்து வானத்துக்கு அவர் வந்த வழி இதுவே.

அக்காலத் தொலைகாட்டிகளின் நிலையை இங்கு சுருக்கமாகக் கூறுவது அவசியம். 1608இல் ஒல்லாந்தில் லிப்பர்ஹே எனும் மூக்குக்கண்ணாடி வினைஞர் தொலைகாட்டிக்கு உரிமை கோரி விண்ணப்பித்தார். மறு ஆண்டே இத்தாலியின் கலிலியோ அத்தகைய கருவியைத் தானே செய்து வானை நோக்கித் திருப்பினார். குவிவு வில்லையும் குழிவு வில்லையும் கொண்டது கலிலியோவின் அமைப்பு. இரு குவிவு வில்லைகளைக் கொண்ட அமைப்பை 1611இல் கெப்ளர் விளக்கினார். கெப்ளரின் ஒளியியலுக்குப் பின்னே பஸ்ராவிற் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல் ஹைதம் இருக்கிறார். பதினோராம் நூற்றாண்டில் அவர் எழுதிய ஒளியியல் நூலின் இலத்தீன் மொழிபெயர்ப்பு ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்கில் வாசிக்கப்பட்டு, 1572இல் பாசெல் நகரில் அச்சேறியது.

வில்லைகளால் ஒளியை முறிவடையச் செய்யும் இக்கருவிகளுக்கு ஒரு பெருங்குறை இருந்தது. வில்லை ஒவ்வொரு நிறத்தையும் வெவ்வேறு அளவில் முறிப்பதால் விம்பத்தைச் சுற்றி நிறக்கரை படிந்தது. குறையைத் தணிக்க வில்லையின் வளைவைக் குறைத்தார்கள். அதனாற் கருவி நீண்டுகொண்டே போயிற்று. டான்சிக் நகரின் ஹெவேலியஸ் 150 அடி நீளத் தொலைகாட்டியைக் கம்பத்திற் கட்டித் தூக்கினார். காற்றடித்தால் அது ஆடியது. ஆடி ஒளியைத் தெறிக்கச் செய்யும்போது நிறங்கள் பிரிவதில்லை. இதை உணர்ந்த நியூற்றன் 1668இல் குழிவாடியைக் கொண்டு சிறிய தெறிப்புத் தொலைகாட்டி ஒன்றைச் செய்தார். 1758இல் டொலண்ட் இருவகைக் கண்ணாடிகளை இணைத்து நிறக்கரையற்ற வில்லையைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோதும், பெரிய அளவிற் குறையற்ற கண்ணாடி கிடைப்பது அரிதாகவே இருந்தது. அதிக ஒளியைத் திரட்ட விரும்பியவருக்கு ஆடியே வழி.

1773இல் ஹேர்ஷல் நீண்ட வில்லைத் தொலைகாட்டிகளை முயன்று பார்த்துச் சலித்தார். சிறிய ஆடித் தொலைகாட்டி ஒன்றை வாடகைக்கு எடுத்துப் பார்த்தார். மனம் அதில் ஒட்டியது. பெரிய ஆடியொன்றின் விலையை இலண்டனில் விசாரித்தபோதுதான் அது தமது வருமானத்துக்கு எட்டாதது எனத் தெரிந்தது. பாத் நகரில் ஒருவர் பொழுதுபோக்காக ஆடி தேய்த்துக் கைவிட்டிருந்தார். அவரது கருவிகளையும் அரைகுறை ஆடிகளையும் ஹேர்ஷல் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

இங்கு ஆடி எனும்போது நமது வீட்டுச் சுவரிலுள்ள கண்ணாடியை நினைத்துவிடக் கூடாது. செம்பையும் வெள்ளீயத்தையும் உருக்கிச் சேர்த்து வார்த்த வெண்ணிற உலோகத் தட்டு அது. கண்ணாடியைப் போல் எளிதில் உடையும். ஈரக் காற்றில் மங்கும். மங்கினால் மீண்டும் தேய்க்க வேண்டும். மெருகு புதிதாக இருக்கையிலும் விழும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கையே திருப்பித் தரும். அதன் வளைவில் மயிரிழையிலும் மிகச் சிறிய பிழை இருந்தாலும் விம்பம் கெட்டுவிடும். மெருகிடும் இறுதிக் கட்டத்திற் கையை எடுத்தால் உழைப்பு முழுவதும் வீணாகலாம் என்பதால் ஒரு முறை அவர் பதினாறு மணி நேரம் தொடர்ச்சியாகத் தேய்த்தார். அப்போது அவருக்கு உணவை வாயில் ஊட்டியவர் தங்கை கரோலின்.

கரோலினைத் தவிர்த்துவிட்டு ஹேர்ஷலின் வரலாற்றை எழுதுவோர் பாதி வரலாற்றையே எழுதுகின்றனர் என்பது எமது கருத்து. 1750இற் பிறந்த அவர் பத்தாவது வயதில் டைபஸ் காய்ச்சலுக்கு ஆளாகி, நாலேகால் அடி உயரத்துக்கு மேல் வளரவில்லை. பெண் பிள்ளைக்கு வீட்டு வேலைக்கு அப்பால் எதுவும் தேவையில்லையெனத் தாய் கருதினார். 1772இல் தமையன் அவரை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றபோது, வீட்டு வேலைக்கு வேறு ஆள் வைத்துக்கொள்ள ஆண்டுதோறும் தாய்க்குப் பணம் அனுப்ப உடன்பட வேண்டியிருந்தது. பாத் நகரிற் கரோலின் பாடகியானார். தமையனின் இசைநிகழ்ச்சிகளில் முதன்மைப் பாடகியாக விளங்கினார். வீட்டின் ஒவ்வோர் அறையும் பட்டறையாக மாறியபோது அவரது இசை வாழ்வு மெல்ல மறைந்தது. அவரிடம் யாரேனும் சம்மதம் கேட்டார்களா என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

1781 ஓகஸ்டில் மூன்றடி விட்டமுள்ள ஆடியை வீட்டின் நிலத்தடி அறையிலேயே வார்க்க முனைந்தனர். அச்சுக்கான குதிரைச் சாணத்தை இடித்து அரித்தெடுத்த வேலையிற் பெரும்பகுதி கரோலினுடையது. வார்ப்பின்போது உருகிய உலோகம் ஒழுகித் தரையிற் பாய, கற்கள் வெடித்து நாற்புறமும் பறந்தன. அனைவரும் ஓடித் தப்பினர். உலகறிந்த கண்டுபிடிப்பு நிகழ்ந்து ஐந்து மாதங்கள்தாம் ஆகியிருந்தன.

அவ்வாண்டே றோயல் சொசைட்டி ஹேர்ஷலை அங்கத்தவராக்கி, கொப்ளி பதக்கத்தையும் வழங்கியது. கிறீன்விச் வானாய்வு நிலையத்தில் அவரது கருவியை அங்குள்ளவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்த அரச வானியலாளர் மஸ்கெலின், வந்த கருவியே சிறந்ததென ஏற்றுக்கொண்டார். புதிய கோளுக்கு மன்னரின் பெயரையே சூட்ட ஹேர்ஷல் விரும்பினார். பிற நாட்டார் அதை ஏற்கவில்லை. ஜேர்மனியின் போடே முன்மொழிந்த யுரேனஸ் எனும் பெயரே நிலைத்தது. 1782இல் மன்னர் ஆண்டுக்கு 200 பவுண் சம்பளம் நிர்ணயித்தார். இசையால் அவர் ஈட்டியதைவிட அது குறைவு. பற்றாக்குறையை ஈடுசெய்யத் தொலைகாட்டிகளைச் செய்து விற்றார். நானூறுக்கு மேற்பட்ட ஆடிகள் அவர் கையால் உருவாகின.

வின்சர் அரண்மனைக்கு அண்மையிலுள்ள டச்செட் கிராமத்தில் 1783இல் நிறுவிய 20 அடித் தொலைகாட்டியே அவரது உண்மையான உழைப்புக் கருவி எனலாம். 18.7 அங்குல ஆடி கொண்ட அதன் உயரமான மேடையில் நின்று, கண்முன் கடந்து செல்வதை அவர் உரத்துக் கூறுவார். கீழே சாளரத்தருகிற் கடிகாரத்துடனும் விளக்குடனும் அமர்ந்திருக்கும் கரோலின் நேரத்தையும் இடத்தையும் எழுதுவார். பகலிற் கணித்துப் பிரதி செய்வார். அவ்வாண்டு டிசெம்பர் 31ஆம் திகதி இரவு, பனி மூடிய நிலத்தில் இருளில் ஓடியபோது கருவியின் கொக்கி ஒன்று அவரது காலில் முழங்காலுக்கு மேலே பாய்ந்தது. சதை பிய்ந்த பின்னரே தூக்கியெடுக்க முடிந்தது. வானம் முகில் மூடியிருந்ததால் அவதானிப்புக்கு இழப்பில்லை என அவர் ஆறுதலடைந்தாராம். இவ்வாறு இருபது ஆண்டுகளில் இருவரும் பட்டியலிட்ட வான்முகில்களும் விண்மீன் கொத்துகளும் 2500. அதற்கு முன்னர் பிரான்சின் மெசியே வெளியிட்ட பட்டியலில் நூறளவுதான் இருந்தன.

பொதுமக்களின் நினைவில் நிற்பதோ ஸ்லௌ நகரில் எழுந்த 40 அடித் தொலைகாட்டி. மன்னர் இரு தவணைகளில் 4000 பவுண் வழங்கினார். நான்கு அடி விட்டமுள்ள முதல் ஆடி மெல்லியதாக அமைந்தது, இரண்டாவது குளிரும்போது வெடித்தது, அடுத்ததே தேறியது. இரண்டாவது ஆடியில் ஒளி வீணாவதைத் தவிர்க்க, முதன்மை ஆடியைச் சற்றுச் சரித்து, குழாயின் வாயிலேயே நின்று பார்க்கும் ஒழுங்கை ஹேர்ஷல் கையாண்டார். குழாய் பொருத்தப்படுமுன் விருந்தினர் அதனுள்ளே நடந்து சென்றனர். மன்னரே கன்டபரி பேராயரை அதனூடாக அழைத்துச் சென்றார். 1789இல் வேலை நிறைவெய்திய வேளையிற் சனியின் என்செலடஸ், மிமாஸ் எனும் துணைக்கோள்கள் கண்டறியப்பட்டன. அதன் பின்னர் அது பயன்பட்டது குறைவு. ஆடி விரைவில் மங்கியது. அசைக்கப் பல ஆட்கள் வேண்டும். இங்கிலாந்தின் வானமோ தெளிவது அரிது. நாட்டின் பெருமையாகப் பயணிகள் வந்து பார்த்த கருவி நிற்க, ஹேர்ஷல் பெரும்பாலும் தமது 20 அடிக் கருவிக்கே திரும்பினார். மன்னரின் பணத்தில் எழுந்ததைப் பயனற்றதென வெளிப்படையாகச் சொல்வதும் எளிதன்று.

சூரியன் தன் கோள்களோடு விண்வெளியில் நகர்கின்றது என்பதை 1783இலும், இரட்டை விண்மீன்களிற் பல ஒன்றையொன்று சுற்றுகின்றன என்பதை 1803இலும் அவர் காட்டினார். 1800இல் நிறமாலையின் சிவப்புக்கு அப்பால் வெப்பமானியை வைத்து, கண்ணுக்குப் புலப்படாத வெப்பக் கதிர்களைக் கண்டார். விண்மீன்களை எண்ணிப் பால்வீதியின் வடிவத்தை வரைந்தார். அந்த வரைபடம் தவறானது, அதன் அடிப்படைகளைப் பிற்காலத்தில் அவரே கைவிட்டார். சூரியனின் மேற்பரப்பில் உயிர்கள் வாழக்கூடுமென்றும் நம்பினார். பெரிய கண்களுக்கும் எல்லை உண்டு.

கரோலினுக்கு 1787 முதல் ஆண்டுக்கு 50 பவுண் சம்பளம் கிடைத்தது. அவர் தாமாக எட்டு வால்வெள்ளிகளைக் கண்டவர். 1788இல் தமையன் மணமுடித்தபோது வீட்டுப் பொறுப்பை விட்டு விலகித் தனியே குடியேறினார், வேலையை விடவில்லை. ஹேர்ஷல் 1822 ஓகஸ்ட் 25ஆம் திகதி ஸ்லௌவில் 83ஆவது வயதிற் காலமானார். யுரேனஸ் சூரியனை ஒரு முறை சுற்றிவர 84 ஆண்டுகள் எடுக்கும். அவ்வாண்டே கரோலின் ஹனோவருக்குத் திரும்பினார்.

அங்கிருந்தபடியே அந்த 2500 பொருட்களையும் வான் வலயங்களாக வகுத்துப் புதிய பட்டியலொன்றைத் தமையனின் மகன் ஜோனுக்காக எழுதி முடித்தார். 1828இல் இலண்டன் வானியற் சங்கம் அதற்காகத் தங்கப் பதக்கம் அளித்தது. ஜோன் 1834இல் 20 அடிக் கருவியுடன் நன்னம்பிக்கை முனையை அடைந்து, நான்கு ஆண்டுகள் தென் வானத்தை ஆராய்ந்தார். பாழடைந்து வந்த 40 அடிக் கருவியைப் பின்னர் அவரே கழற்றினார்; 1839இன் இறுதி இரவிற் குடும்பத்தினர் அதன் குழாயினுள்ளே கூடிப் பாடி விடைகொடுத்தனர். தென் வான ஆய்வின் பெருநூல் 1847இல் வெளிவந்தது. பிரதியொன்று ஹனோவரிலிருந்த கரோலினின் கையை வந்தடைந்தது. அடுத்த ஆண்டு ஜனவரி 9ஆம் திகதி, 97 வயதில் அவர் மறைந்தார்.