பம்பின் கைப்பிடியைக் கழற்ற வைத்த டாக்டர்

ஜான் ஸ்னோ என்றதும் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' ஞாபகம் வந்தால் தப்பில்லை. ஆனா இவர் வேற. வாள் கிடையாது, டிராகன் கிடையாது. லண்டனில் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து வருதுன்னு விசாரித்த ஒரு டாக்டர்.

1813 மார்ச் 15 அன்று இங்கிலாந்தின் யார்க் நகரில் பிறந்தார். அப்பா கூலித் தொழிலாளி. ஒன்பது பிள்ளைகளில் இவர்தான் மூத்தவர். 14 வயதில் நியூகாசிலில் ஒரு டாக்டரிடம் தொழில் பழகப் போனார். சில வருடங்களில் அந்தப் பக்கம் காலரா வந்தது. பக்கத்திலிருந்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்க்க இவரை அனுப்பினார்கள். அப்போது இவருக்கு இருபது வயசுகூட ஆகவில்லை. சுரங்கத்துக்குள் கழிப்பறை இல்லை, கை கழுவத் தண்ணீர் இல்லை. அதே கையோடு அங்கேயே சாப்பாடு. இது அவர் மனசில் பதிந்துவிட்டது.

1836இல் லண்டனுக்கு வந்தார், அதுவும் நடந்தே. 1844இல் எம்.டி. முடித்தார். மயக்க மருந்தில் பெரிய நிபுணர் ஆனார். 1853இல் விக்டோரியா மகாராணியின் பிரசவத்துக்குக் குளோரோஃபார்ம் கொடுத்ததே இவர்தான். அதோட நின்றிருந்தாலே வாழ்க்கையில் செட்டில்தான்.

ஆனா காலரா அவரை விடவில்லை. கெட்ட காற்றால்தான் காலரா வருதுன்னு அன்றைக்குப் பெரிய டாக்டர்கள் எல்லாம் நம்பினார்கள். ஸ்னோவுக்கு அது ஒத்துவரவில்லை. வாயுக்களோடு தினமும் வேலை செய்தவர் அவர். காற்றில் கலந்தது தூரம் போகப் போக நீர்த்துப் போகும்னு அவருக்குத் தெரியும். மேலும், காலரா முதலில் தாக்குவது குடலை, நுரையீரலை இல்லை. அப்படின்னா அது வாய் வழியா, தண்ணீரோடதான் உள்ளே போகணும். 1849இல் இதை ஒரு சின்னப் புத்தகமாகப் போட்டார். பெரிதாக யாரும் ஏற்கவில்லை.

1854 ஆகஸ்ட் கடைசி. சோஹோ பகுதியில் பிராட் தெருவைச் சுற்றி ஒரே வேகத்தில் ஆட்கள் சாக ஆரம்பித்தார்கள். முதல் மூன்று நாளில் மட்டும் 127 பேர். ஸ்னோ இறந்தவர்களின் வீடுகளைக் கணக்கெடுத்தார். பெரும்பாலானவர்கள் பிராட் தெருப் பம்பில் தண்ணீர் பிடித்தவர்கள். பக்கத்தில் ஏழைகளைத் தங்கவைத்து வேலை வாங்கும் ஒரு விடுதி. 535 பேரில் 5 பேர்தான் செத்தார்கள். அங்கே சொந்தக் கிணறு இருந்தது. அதே தெருவில் ஒரு பீர் ஆலை. அங்கே ஒருத்தர்கூடச் சாகவில்லை. அவர்கள் குடித்தது பீர். இன்னொரு பக்கம், பல கிலோமீட்டர் தள்ளி ஹாம்ப்ஸ்டெட்டில் ஒரு பாட்டி காலராவில் இறந்திருந்தார். பிராட் தெருத் தண்ணீர்தான் ருசின்னு தினமும் வரவழைத்துக் குடித்தவர் அவர்.

செப்டம்பர் 7 அன்று அந்தப் பகுதி நிர்வாகக் குழுவிடம் போய் விஷயத்தைச் சொன்னார். அவர்கள் முழுசாக நம்பவில்லை. இருந்தாலும் மறுநாள் பம்பின் கைப்பிடியைக் கழற்றிவிட்டார்கள்.

பெரும்பாலும் கதையை இங்கேயே முடித்துவிடுவார்கள். நம்ம எஞ்சினியரிங் பசங்களுக்கு வேண்டிய பகுதி இதற்கப்புறம்தான். பம்புத் தண்ணீர் கெட்டது எப்படி?

அதைக் கண்டுபிடிக்க உதவியது அந்தப் பகுதியின் பாதிரியார் ஹென்றி ஒயிட்ஹெட். ஸ்னோ சொல்வது தப்புன்னு நிரூபிக்கத்தான் இவர் கிளம்பினார். விசாரிக்க விசாரிக்க, ஸ்னோ சொன்னதுதான் சரின்னு ஆனது. பம்புக்கு நேரே இருந்த 40ஆம் எண் வீட்டில், எல்லோருக்கும் முன்னாடியே ஒரு கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்திருந்தது. அம்மா அழுக்குத் துணிகளை அலசிய தண்ணீரை வீட்டு முன்பக்கம் இருந்த கழிவுக்குழியில் ஊற்றியிருந்தார். 1855இல் அந்த இடத்தைத் தோண்டிப் பார்த்தார்கள். செங்கல் சாந்தெல்லாம் உதிர்ந்து, கையாலேயே கல்லைப் பிடுங்கி எடுக்கலாம் போல இருந்தது. ட்ராப் மாதிரி வேலை செய்ய வேண்டிய குழி, தப்பாகக் கட்டியதால் கழிவைத் தேக்கி வைத்திருந்தது. அந்த வீட்டின் கழிவு வாய்க்காலுக்கும் பம்புக் கிணற்றுக்கும் இடையில் மூன்றடிகூட இல்லை. இத்தனைக்கும், முன்பு கிணற்றுக்குள் இறங்கிப் பார்த்தவர்கள் எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லியிருந்தார்கள்.

ஒரு வீட்டின் பிளம்பிங் கோளாறு. அந்தப் பகுதியில் மொத்தம் 616 பேர் போனார்கள்.

கைப்பிடியைக் கழற்றும்போது தொற்று ஏற்கெனவே குறைய ஆரம்பித்திருந்தது, அதனால் பெரிய பயன் இல்லைன்னு சிலர் சொல்வார்கள். ஆனா கைப்பிடி கழன்ற அதே செப்டம்பர் 8 அன்றுதான் அந்தக் குழந்தையின் அப்பாவுக்கும் காலரா வந்தது. அதே வீடு, அதே குழி. பம்பு ஓடிக்கொண்டே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

அதே வருடம் ஸ்னோ இன்னொரு ஆய்வும் செய்தார். தெற்கு லண்டனில் ஒரே தெருவில் இரண்டு கம்பெனிகளின் குழாய்கள் ஓடின. லாம்பெத் கம்பெனி, சாக்கடை கலக்காத மேல்பகுதித் தேம்ஸிலிருந்து தண்ணீர் எடுத்தது. சவுத்வார்க் அண்ட் வாக்ஸால் கம்பெனி, நகரத்துக்குள்ளேயே எடுத்தது. எந்தக் கம்பெனித் தண்ணீர் வருதுன்னு பல வீட்டுக்காரர்களுக்கே தெரியாது. ஸ்னோ சில்வர் நைட்ரேட் போட்டு உப்பைச் சோதித்தார். நகரத் தண்ணீரில் உப்பு சுமார் 40 மடங்கு அதிகம், அதனால் உடனே தெரிந்துவிடும். முதல் ஏழு வாரக் கணக்கில், 10,000 வீட்டுக்கு லாம்பெத் பக்கம் 37 சாவு, இன்னொரு பக்கம் 315.

இவ்வளவு ஆதாரம் இருந்தும் அரசுக் குழு அவர் சொன்னதை ஏற்கவில்லை. 1858 ஜூன் 16 அன்று பக்கவாதத்தால் இறந்தார். வயது 45தான். அதே கோடையில் தேம்ஸ் நாற்றம் தாங்காமல் பாராளுமன்றம் புதிய சாக்கடைத் திட்டத்துக்குச் சம்மதித்தது. நாற்றத்துக்குப் பயந்து கட்டியதுதான், ஆனா காப்பாற்றியது தண்ணீரை. 1884இல் ராபர்ட் கோக் காலராக் கிருமியைத் தனியாகப் பிரித்து எடுத்தார். அது நடந்தது நம்ம கொல்கத்தாவில்.

இன்றைக்கு பிளம்பிங் பாடத்தில் வரும் விதிகள் போர் அடிக்கலாம். தொட்டி நிரம்பும் மட்டத்துக்கு மேலே குழாயின் வாய் இருக்கணும், நடுவில் காற்று இடைவெளி விடணும். குடிநீர்க் குழாயும் கழிவுக் குழாயும் ஒட்டிப் போகக் கூடாது. தண்ணீர் திரும்பி ஓடாமல் தடுக்கும் வால்வு வேணும். ஏன்னா மெயின் லைனில் அழுத்தம் குறைந்தால், ஒரு கட்டடத்தின் அழுக்கு நீர் உள்ளே உறிஞ்சப்பட்டுத் தெரு முழுக்கப் போகும். பிராட் தெருவில் மண் வழியாகக் கசிந்தது, இங்கே குழாய் வழியாகப் போகும், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தத் தெருவின் பெயர் இப்போ பிராட்விக் தெரு. அங்கே ஒரு பழைய மாடல் பம்பை நினைவாக வைத்திருக்கிறார்கள். அதற்குக் கைப்பிடி கிடையாது. நாளைக்கு நாம் சைட்டில் நின்று டிராயிங்கில் கையெழுத்துப் போடும்போது, சம்ப் எங்கே, செப்டிக் டேங்க் எங்கே, நடுவில் எத்தனை அடின்னு ஒரு தடவை அளந்துட்டுப் போடுவோம்.