இராஜாஜியும் காந்தி பத்து ரூபாய் அஞ்சல்தலையும்

இராஜாஜி என அறியப்படும் சக்கரவர்த்தி இராசகோபாலாச்சாரி (டிசம்பர் 10, 1878 - டிசம்பர் 25, 1972) வழக்கறிஞரும் விடுதலைப் போராட்ட வீரரும் எழுத்தாளரும் ஆவார். இந்தியத் தலைமை ஆளுநர் பதவியை வகித்த ஒரே இந்தியர் இவர். இவரது பதவிக்காலத்தில் தலைமை ஆளுநர் செயலகப் பயன்பாட்டுக்கென ஆயத்தமான காந்தி அஞ்சல்தலை, உலக ஏலச் சந்தையில் அரிய அஞ்சல்தலைகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

சேலமும் திருச்செங்கோடும்

இராஜாஜி அன்றைய சேலம் மாவட்டத்தில், ஒசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்தார். 1900-இல் சேலத்தில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். 1917-இல் சேலம் நகராட்சித் தலைவரானார். காந்தியின் ஒத்துழையாமை இயக்கத்தில் சேர்ந்தபோது வழக்கறிஞர் தொழிலைக் கைவிட்டார். 1925-இல் திருச்செங்கோட்டுக்கு அருகிலுள்ள புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவினார். கதர் உற்பத்தி, மதுவிலக்கு, தீண்டாமை ஒழிப்பு ஆகியன ஆசிரமத்தின் பணிகளாயின. இவ்வூர் தற்போது நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது. 1930-இல் வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்துக்குத் தலைமை தாங்கினார். 1933-இல் இவருடைய மகள் இலட்சுமி காந்தியின் மகன் தேவதாசை மணந்தார். 1937-இல் சென்னை மாகாணப் பிரதமரானதும் சேலம் மாவட்டத்தில் முதன்முதலாக மதுவிலக்கை நடைமுறைப்படுத்தினார்.

தலைமை ஆளுநர் பதவியும் அஞ்சல்தலையும்

1948 சூன் 21 முதல் 1950 சனவரி 26 வரை இவர் தலைமை ஆளுநராக இருந்தார். 1948 ஆகத்து 15 அன்று காந்தியின் உருவம் பொறித்த நான்கு அஞ்சல்தலைகள் வெளியாயின. சுவிட்சர்லாந்தின் கூர்வாசியே நிறுவனம் அச்சிட்ட இவற்றின் மதிப்புகள் ஒன்றரை அணா, மூன்றரை அணா, 12 அணா, 10 ரூபாய் என்பன. இவற்றுள் 10 ரூபாய் தலைகளில் 100 மட்டும் தலைமை ஆளுநர் செயலகத்துக்காக, அரசுப் பணிக்குரியது எனக் குறிக்கும் 'சர்வீஸ்' என்ற ஆங்கிலச் சொல் மேலச்சிடப்பட்டன. சாதாரணத் தலைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அந்த ஏழு எழுத்துகள் மட்டுமே. 2017-இல் இவ்வகைத் தலைகள் நான்கு கொண்ட ஒரு வரிசை 5,00,000 பவுண்டுக்கு விற்பனையானது.

பிற்காலம்

1952-இல் சென்னை மாநில முதலமைச்சரானார். 1953-இல் கொண்டுவந்த கல்வித் திட்டத்துக்கு எழுந்த கடும் எதிர்ப்பைத் தொடர்ந்து 1954-இல் பதவி விலகினார். அதே ஆண்டில் பாரத ரத்னா விருது பெற்றார். 1959-இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். மறைவுக்குப் பின் 1973-இல் இவர் நினைவாகவும் அஞ்சல்தலை வெளியிடப்பட்டது.

ஏலத்தில் இருந்து விலக்கப்படும் காரணங்கள்

விலை உயர்ந்த அஞ்சல்தலைகள் ஏலப்பட்டியலில் இடம்பெற்ற பின்னரும் விற்பனைக்கு முன் விலக்கப்படுவது உண்டு. முதற்காரணம் உண்மைத்தன்மை குறித்த ஐயம். மலிவாகக் கிடைக்கும் காந்தி 10 ரூபாய் தலையில் போலி மேலச்சு இட்டு ஏமாற்ற முடியும். ஆகவே எழுத்தின் வடிவம், மை, அது தாளில் பதிந்துள்ள விதம் ஆகியவற்றை வல்லுநர் குழுக்கள் உருப்பெருக்கியின் கீழ் ஆராய்ந்து சான்றிதழ் அளிக்கின்றன. ஐயம் எழுந்தால் சான்றிதழ் கிடைக்கும்வரை ஏல நிறுவனம் அதனை நிறுத்தி வைக்கும்.

இரண்டாவது காரணம் உரிமை. அரசுப் பணிக்கான தலைகள் பொதுமக்களுக்கு விற்கப்படுவதில்லை. எனவே அது யார் கைகள் வழியாக வந்தது என்ற வரலாறு முக்கியமாகிறது. எடுத்துக்காட்டாக, 1918-ஆம் ஆண்டின் அமெரிக்கத் தலைகீழ் வானூர்தி அஞ்சல்தலைகள் நான்கு 1955-இல் ஒரு கண்காட்சியில் திருடப்பட்டன. அவற்றுள் ஒன்று 2016-இல் நியூயார்க்கு ஏல நிறுவனம் ஒன்றிடம் வந்தது. திருட்டுப் பொருள் என அடையாளம் காணப்பட்டதால் அது ஏலத்துக்குப் போகாமல், உரிமை பெற்றிருந்த அமெரிக்க அஞ்சல்தலை ஆய்வு நூலகத்திடம் சேர்ந்தது.

ஏலத்துக்கு முன்பே உரிமையாளர் தனிப்பட்ட முறையில் விற்றுவிடுவதாலும் தலைகள் விலக்கப்படலாம். ஆகவே விலக்கப்பட்டது என்பதாலேயே ஒரு தலை போலி என்று கொள்ள இயலாது. அவ்வாறே, விலக்கப்படாத தலையையும் சான்றிதழைப் பார்க்காமல் வாங்குவது சேகரிப்பாளருக்குப் பெரும் இழப்பைத் தரக்கூடும்.