பூட்ஸைத் தின்ற சாப்ளின்

சார்லி சாப்ளின் 1889ல் லண்டனில் பிறந்தார். தந்தை பிரிந்துபோய்க் குடியில் மூழ்கினார். தாயார் ஹன்னா தையல் வேலை செய்தும் அடுப்பெரியாத நாட்கள் உண்டு. ஏழு வயதில் சார்லி ஏழைகள் விடுதிக்குப் போனார். பின்னர் தாயாருக்குச் சித்தம் கலங்கியது.

அந்தப் பசியை 1925ல் 'தி கோல்ட் ரஷ்' மௌனப் படத்தில் சிரிப்பாக்கினார். அலாஸ்காவுக்குத் தங்கம் தேடிப் போனவன் பனியில் சிக்கி, பூட்ஸை வேகவைத்து, ஆணிகளை எலும்பு போலச் சப்புகிறான். (பூட்ஸ் அதிமதுர மிட்டாயால் செய்தது.) கணவாய் ஏறும் காட்சிக்கு சாக்ரமெண்டோ நகரத்து நாடோடிகளை ரயிலில் கொண்டுவந்தார்கள். அவர்கள் நடிக்கவா வேண்டும்! காதலி ஜார்ஜியா விருந்துக்கு வராத இரவில், கனவில் ரொட்டிகளை ஆடவிடுகிறான்.

1921லேயே தாயாரை கலிபோர்னியாவுக்கு வரவழைத்திருந்தார். 1928ல் அவர் இறக்கும்வரை வைத்துக் காப்பாற்றினார். சாப்ளின் 1977 கிறிஸ்துமஸ் நாளில், சுவிட்சர்லாந்தில், 88 வயதில் காலமானார்.