டயருக்குள் காற்றை அடைத்த மாட்டு டாக்டர்: யார் இந்த டன்லப்?

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலத்தில் கொஞ்ச நேரம் நின்றால், ஹெல்மெட் மாட்டிய சைக்கிள்காரர்கள் கிண்டி பக்கம் போவதைப் பார்க்கலாம். சமீபமாக அவர்களிடையே ஒரு புது வகை வண்டிக்கு ஆசை வந்திருக்கிறது: கிராவல் சைக்கிள். தார் ரோடு முடியும் இடத்தில்தான் இதற்கு வேலையே ஆரம்பிக்கும். ஜவ்வாது மலையில் சாமை வயல்களுக்கு நடுவே போகும் மண் பாதை, சரளைக்கல் ரோடு, ஒரு ஏற்றம், ஒரு இறக்கம், ஒரு டீக்கடை, அடுத்த கிராமம். இதுதான் கிராவல் ரைடு.

இப்படிப்பட்ட பாதையில் உடம்பு நோகாமல் போக முடிகிறது என்றால், அதற்கு முக்கியக் காரணம் டயருக்குள் இருக்கும் காற்று. அந்தக் காற்றை சைக்கிளுக்குக் கொண்டுவந்தவர் இன்ஜினீயர் இல்லை. ஆடு, மாடு, குதிரைக்கு வைத்தியம் பார்த்த ஒரு கால்நடை மருத்துவர். பேர் ஜான் பாய்ட் டன்லப். அவர் பேர் நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தப் பேரால் அவருக்கு என்ன கிடைத்தது?

பண்ணையில் பிறந்தவர்

1840 பிப்ரவரி 5. ஸ்காட்லாந்தின் ஏர்ஷயர் பகுதியில் ட்ரெக்ஹார்ன் என்ற கிராமம். அங்கே ஒரு விவசாயப் பண்ணையில் டன்லப் பிறந்தார். எடின்பரோவில் கால்நடை மருத்துவம் படித்து, 19 வயதிலேயே டாக்டர் ஆகிவிட்டார்.

1867-ல் அயர்லாந்துக்குக் குடிபெயர்ந்தார். முதலில் டவுன்பேட்ரிக், பிறகு பெல்ஃபாஸ்ட். டவுன்பேட்ரிக்கைச் சுற்றி எங்கு பார்த்தாலும் குட்டிக் குட்டிக் குன்றுகள், இடையிடையே மேய்ச்சல் நிலம், சின்னச் சின்ன ஊர்கள். மாட்டு டாக்டர் என்றால் அந்தக் காலத்தில் பண்ணை பண்ணையாகப் போக வேண்டும். குதிரை வண்டிதான் கதி. ரோடு எல்லாம் கல்லும் மண்ணும். 1880-களில் பெல்ஃபாஸ்ட்டில் அவருடைய மருத்துவமனை அயர்லாந்தின் பெரிய கால்நடை மருத்துவமனைகளில் ஒன்றாக வளர்ந்திருந்தது. ஆள் நன்றாகவே செட்டில் ஆகிவிட்டார்.

மகனின் மூணு சக்கர சைக்கிள்

1887-ல்தான் திருப்பம். அவருடைய சின்னப் பையன் ஜானி, மூணு சக்கர சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தான். அப்போது சக்கரத்தில் இருந்தது கெட்டி ரப்பர். பெல்ஃபாஸ்ட் தெருக்களோ கல் பதித்தவை. கெட்டி ரப்பர் சக்கரம் ஒரு கல்லில் ஏறினால், வண்டியோடு சேர்ந்து உட்கார்ந்திருப்பவரும் தூக்கிப் போடப்படுவார். ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு குத்து.

டன்லப் ஒரு மரத்தட்டை எடுத்தார். மெல்லிய ரப்பர் ஷீட்டை ஒட்டி டியூப் செய்தார். அதை மரத்தட்டைச் சுற்றி வைத்து, மேலே துணியைப் போர்த்தி ஆணி அடித்தார். ஃபுட்பால் பம்பால் காற்றடித்தார். அப்புறம் சைக்கிளின் பழைய சக்கரத்தையும் இந்தப் புதுச் சக்கரத்தையும் முற்றத்தில் உருட்டிவிட்டுப் பார்த்தார். பழையது பாதி தூரத்தில் சாய்ந்து விழுந்தது. காற்றுச் சக்கரம் முற்றத்தின் கடைசி வரை ஓடி, கேட் கம்பத்தில் மோதித் திரும்பி வந்தது.

விஷயம் ரொம்ப சிம்பிள். காற்று நிரம்பிய டயர் கல்லின் மேல் ஏறிக் குதிக்காது. கல் பட்ட இடத்தில் மட்டும் அமுங்கிக்கொடுத்து நகர்ந்துவிடும். அதனால் அதிர்ச்சியும் குறையும், மிதிக்கும் பலமும் வீணாகாது. இன்றைய கிராவல் சைக்கிளின் ரகசியமும் இதேதான். 35 முதல் 50 மி.மீ. வரை அகலமான டயர், ரேஸ் சைக்கிளைவிடக் குறைவான காற்றழுத்தம். இதில் ஒரு வேடிக்கை: பால்காரர்கள் ஓட்டிய நம்ம ஊர் 28 இன்ச் சைக்கிளின் டயர் ஒன்றரை இன்ச் அகலம். அதாவது கிட்டத்தட்ட 38 மி.மீ. கிராவல் என்ற வார்த்தை வருவதற்கு முன்பே நம்ம தாத்தாக்கள் வரப்பை ஒட்டிய மண் பாதையில் அந்த டயரில்தான் போனார்கள்.

கேலி செய்தவர்கள் தோற்றார்கள்

1888 டிசம்பர் 7-ல் டன்லப்புக்கு காப்புரிமை கிடைத்தது. தடியான டயரைப் பார்த்து சைக்கிள் ரேஸ்காரர்கள் சிரித்தார்கள். 1889 மே 18-ல் பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் கல்லூரி மைதானத்தில் நடந்த போட்டியில் வில்லியம் ஹ்யூம் என்ற வீரர் காற்று டயரோடு இறங்கினார். அன்று நடந்த சைக்கிள் போட்டிகள் நான்கிலும் அவர்தான் முதலிடம்.

அன்று தோற்றவர்களில் டப்ளின் தொழிலதிபர் ஹார்வி டு க்ராஸின் மகன்களும் உண்டு. டு க்ராஸ் கோபப்படவில்லை, கணக்குப் போட்டார். அதே ஆண்டு டப்ளினில் கம்பெனி ஆரம்பமானது. டன்லப் தன் காப்புரிமையை அதற்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்குப் பங்குகள் வாங்கிக்கொண்டார்.

அப்புறம் வந்தது இடி

1890-ல் தெரியவந்த செய்தி: இந்தக் கண்டுபிடிப்பு புதுசே இல்லை. ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர் 1845-லேயே காற்று டயருக்கு காப்புரிமை வாங்கி, குதிரை வண்டியில் ஓட்டிக் காட்டியிருந்தார். அப்போது நாம் இன்று பார்க்கும் சைக்கிளே கிடையாது. ரப்பரும் விலை அதிகம். அதனால் உலகம் தாம்சனை மறந்துபோனது. டன்லப்புக்கும் அவரைப் பற்றித் தெரியாது. ஆனால் சட்டத்துக்கு அது முக்கியமில்லை. டன்லப்பின் காப்புரிமை செல்லாமல் போனது.

கம்பெனி தப்பித்தது எப்படி? டயரை ரிம்மில் இருந்து கழற்றி மாட்டும் முறைக்கு சார்லஸ் வெல்ச் வைத்திருந்த காப்புரிமை போன்றவற்றை டு க்ராஸ் விலைக்கு வாங்கினார். முதல் டயர்கள் ரிம்மோடு ஒட்டப்பட்டவை. பஞ்சர் ஆனால் பெரும்பாடு. கழற்றும் டயர் வந்த பிறகுதான் பஞ்சர் ஒட்டுவது தெருவோரத் தொழிலாக மாற முடிந்தது.

1895-ல் டன்லப் கம்பெனியை விட்டு விலகினார். அடுத்த ஆண்டே டெரா ஹூலி என்ற நிதி வியாபாரி அதை 30 லட்சம் பவுண்டுக்கு வாங்கி, 50 லட்சம் பவுண்டுக்குச் சந்தையில் இறக்கினார். டன்லப் அந்தக் கொண்டாட்டத்தில் இல்லை. பேர் மட்டும் போர்டில் இருந்தது.

பிற்காலத்தில் இன்னொரு வேதனை. கம்பெனி விளம்பரங்களில் தாடி வைத்த அந்த மருத்துவரை, உயரத் தொப்பியும் கைத்தடியுமாக ஒரு மைனர் மாதிரி வரைந்தார்கள். அவர் வழக்குப் போட்டார். அது லண்டன் பிரபுக்கள் சபை வரை போனது. 1921 அக்டோபர் 23-ல் டப்ளினில், 81 வயதில் டன்லப் காலமானார்.

நமக்கு இதில் என்ன?

நிறையவே இருக்கிறது. காற்று டயர் வந்ததும் உலகத்துக்கு ரப்பர் வெறி பிடித்தது. பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் காங்கோவில் ரப்பருக்காக மக்கள் சித்திரவதை செய்யப்பட்டார்கள். மலாயாவில் காடுகளை அழித்துத் தோட்டங்கள் போட்டார்கள். அங்கே பால் வெட்டப் போனவர்கள் யார்? நம்ம ஆட்கள்தான். கங்காணிகள் ஊர் ஊராக ஆள் பிடிக்க, சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறி பினாங்கில் இறங்கியவர்கள். டன்லப் கம்பெனியே மலாயாவில் பெரும் தோட்டங்களை வாங்கியது. இந்த ஆள்பிடிப்பு 1938-ல்தான் தடை செய்யப்பட்டது.

பிறகு அந்தப் பேர் சென்னைக்கே வந்தது. 1959-ல் அம்பத்தூரில் டன்லப் ஆலை திறந்தது. பல குடும்பங்கள் அதை நம்பி வாழ்ந்தன. பலமுறை மூடித் திறந்து, கடைசியில் நின்றே போனது. பஸ் ஸ்டாப்புக்கு மட்டும் பேர் மிச்சம்.

ஒரு அப்பா தன் பையனுக்காகச் செய்த சக்கரம், பலருக்குப் பணமாகவும் பலருக்குக் கூலி வேலையாகவும் மாறியது. அடுத்த முறை பஞ்சர் கடைக்காரர் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி வரும் இடத்தைத் தேடும்போது, அந்த மாட்டு டாக்டரை நினைத்துக்கொள்ளலாம். கூடவே, அந்த ரப்பருக்காகக் கப்பலேறியவர்களையும்.